மலையில் தெரியும் தீ: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: எங்கள் மலையில் மாசி, பங்குனி வந்தால் தீ பிடித்துவிடுகிறது. மூங்கில் உரசிப் பிடிப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள்; ஊரார் வைப்பதாக வனத்துறையினர் சொல்கிறார்கள். எது சரி? (போடிநாயக்கனூர் வாசகர்)

விடை: மூங்கிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குச் சான்று இல்லை. மின்னலால் தீ பிடிப்பது உண்டு என்றாலும், நம் மலைகளில் மின்னல் பெரும்பாலும் கோடை மழையோடு சேர்ந்து வருவதால், மாசியின் வறண்ட பகலில் எழும் தீக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. ஆகவே மனிதக் கைதான் காரணம். ஆனால், ‘ஊரார் வைக்கிறார்கள்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் நேர்மையாகாது. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைப்பது, தோட்டத்து வேலியோரச் சருகை எரிக்கும்போது தீ கைமீறிப் போவது, தேன் எடுக்கப் பிடித்த புகைப்பந்தத்தை அணைக்காமல் விடுவது, வழிப்போக்கர் எறியும் பீடித்துண்டு என்று காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. மேய்ச்சலுக்காக வைக்கப்படும் தீயை எச்சரிக்கைப் பலகை நிறுத்தாது. தீவனத்துக்கு வேறு வழி செய்தால்தான் நிற்கும்.

தங்கள் ஊருக்கு அருகிலுள்ள குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்தது நினைவிருக்கும். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, முன்னாலிருக்கும் புல்லை அதன் வெப்பமே உலர்த்திக்கொண்டு போகும்; சரிவு செங்குத்தாக ஆக ஆக வேகம் பன்மடங்காகும். எனவே தீயைக் கண்டு மேட்டை நோக்கி ஓடுவது பேராபத்து. பக்கவாட்டில் விலகிப் பாறைப்பரப்பையோ ஓடையையோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தையோ அடைவதே உயிர் காக்கும்.

கேள்வி: முன்பெல்லாம் தீ என்றால் ஊரே திரண்டு போகும். இப்போது கூப்பிட்டாலும் இளைஞர்கள் வருவதில்லையே? (கொடைக்கானல் கீழ்மலை வாசகர்)

விடை: இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்லும் கேள்வியாக மட்டும் இதை நான் பார்க்கவில்லை. இமயமலைப் பகுதியான குமாவோனில், ஆங்கிலேய அரசு காடுகளைத் தன்வசமாக்கி மக்களின் உரிமைகளைச் சுருக்கியபோது, 1921இல் மக்கள் அரசின் பைன் காடுகளுக்குத் தீ வைத்தே எதிர்ப்பைக் காட்டினார்கள். அதன் பின்னர் அரசு அமைத்த குழு மக்கள் குறைகளை விசாரித்தது; 1931இல் ஊராரே தேர்ந்தெடுக்கும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. காட்டிலிருந்து விறகும் புல்லும் தனக்கு வரும் என்ற உறுதி இருக்கும் ஊர் அந்தக் காட்டின் தீயை அணைக்கும். உள்ளே போனாலே வழக்கு என்னும் நிலையிலுள்ள ஊர் தள்ளி நின்று பார்க்கும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காடான சமூக வனவளத்தைக் காக்கவும் மீட்கவும் கிராம சபைக்கு இடம் தருகிறது. அந்த உரிமைக்கு விண்ணப்பிப்பதும், தீக்காலக் காவல் பணியைக் கூலியோடு உள்ளூராருக்கே தரும்படி வனத்துறையிடம் கேட்பதும் ஒருசேர நடக்கவேண்டும். கூலியில்லாமல் உயிரைப் பணயம் வைக்கச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: என் பாட்டனார் தை மாதத்திலேயே காட்டுச் சருகுக்குத் தீ வைப்பாராம். இன்று அது குற்றம். ஆனால் காடு முழுவதும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. பாட்டனார் செய்தது சரியா, தவறா? (தாளவாடி வாசகர்)

விடை: சரிதான், ஆனால் இன்று அதையே அப்படியே செய்தால் தவறாகிவிடும். தங்கள் மலைக்கு அடுத்துள்ள, கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன மலையில் சோளகர் பழங்குடியினர் இதைத் ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத்தீ என்கிறார்கள். புல்லில் ஈரம் முற்றிலும் வற்றுவதற்கு முன்பே வைக்கப்படும் அந்தத் தீ கணுக்கால் உயரத்தில் மெல்ல ஊர்ந்து சருகை மட்டும் தின்றுவிட்டுப் போகும். மரப்பட்டை தாங்கிக்கொள்ளும், புதுப்புல் வரும், நெல்லி மரத்தைப் பற்றும் ஒட்டுண்ணி குறையும், முளைத்த உண்ணிச்செடிக் கன்று கருகும், யானை நிற்பது தூரத்திலேயே தெரியும். அந்தக் காடு 1974இல் சரணாலயமான பிறகு இவ்வழக்கம் தடுக்கப்பட்டது. பின்னர் அங்கு நடந்த ஆய்வில், 1997க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி காணப்படும் இடங்கள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தன. தீயைத் தடுத்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், சோளகப் பெரியவர்கள் சொல்லிவந்ததை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆனால் மத்திய, தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த உண்ணிச்செடி இன்று ஆளுயரப் புதராகிவிட்டது. இப்போது தீ வைத்தால் அது தரையோடு ஊராது. புதரையே ஏணியாக்கிக்கொண்டு மரக்கிளைக்குத் தாவும். மரம் சாகும், உண்ணிச்செடியோ வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். மேலும், காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆகவே முதல் வேலை புதரை அகற்றுவதுதான். தண்டை வெட்டினால் பயனில்லை. ஆணிவேரைத் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். காய்க்கும் முன் இதை முடித்துவிடுவது நல்லது. அதன் பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவிகள் வந்து அமரும் மரங்களின் அடியில் கன்றுகள் மீண்டும் மீண்டும் முளைக்கும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் மழைக்குப் பின் அவ்விடங்களில் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். பல திட்டங்கள் தோற்பது இந்தத் தொடர்வேலைக்குப் பணம் ஒதுக்காததால்தான். புல் திரும்பிய பிறகு, வனத்துறையின் மேற்பார்வையில், பாட்டனாரின் நாள்கணக்கைக் கேட்டுச் சருகுத்தீ வைத்துப் பார்க்கலாமா என்ற பேச்சுக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

கேள்வி: எரிந்துபோன சரிவில் பள்ளி மாணவர்களோடு ஆயிரம் கன்றுகள் நடவும், விதைப்பந்து வீசவும் எண்ணுகிறோம். எந்த மரம் ஏற்றது? (பழனி வாசகர்)

விடை: இவ்வாண்டு எதையும் நடாதீர்கள். வேங்கை, கடுக்காய், தான்றி, நெல்லி போன்ற இலையுதிர் காட்டு மரங்கள் கருகியதுபோல் தெரிந்தாலும், மழை விழுந்ததும் அடிமரத்திலிருந்தோ வேரிலிருந்தோ துளிர்விடக் கூடியவை. ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, எது தானாக எழுகிறது என்று மாணவர்களைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கன்று நடுவதைவிட அது நல்ல பாடம். இடைவெளி இருந்தால் மட்டும் அந்தக் காட்டின் விதையிலிருந்தே வளர்த்த கன்றை நடலாம். விதைப்பந்து படமெடுக்க அழகாக இருக்கும். வெறும் சாம்பல் மண்ணில் அதை எலியும் எறும்பும் தின்றுவிடும் வாய்ப்பே மிகுதி.

உடனே செய்யவேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. முதல் பெருமழையில் மேல்மண் கரைந்து ஓடாதபடி, கருகிய கட்டைகளையும் கற்களையும் சரிவுக்குக் குறுக்கே கிடத்துங்கள். அந்தக் கட்டைகளை விறகுக்கு எடுத்துவிடக் கூடாது. மேல்மலைப் புல்வெளி எரிந்திருந்தால் அங்கே மரமே வேண்டாம், அது பிறப்பிலேயே புல்வெளி. அங்கே கவனிக்கவேண்டியது வாட்டில் (wattle) என்னும் அயல்நாட்டுச் சீகை மரத்தின் முளைகளை; தீயின் சூடு பட்டால் மண்ணில் உறங்கும் அதன் விதைகள் கூட்டமாக முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்கும் பருவத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். துளிர்க்கும் இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு ஆடு மாடுகளை மேயவிடாமல், புல்லை அறுத்துக் கொண்டுவந்து போடுங்கள். அறுக்காமல் விட்ட புல், அடுத்த மாசிக்கு எரிபொருளாகிவிடும்.

கேள்வி: செயற்கைக்கோள் தீயைக் காட்டிக்கொடுக்கும்போது தீத்தடுப்புக் கோடு எதற்கு? (கூடலூர் வாசகர்)

விடை: இந்திய வன அளவை நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கையைப் பொதுமக்களும் பதிவுசெய்து கைப்பேசியில் பெறலாம். ஆனால் செயற்கைக்கோள் ஒரே இடத்தை ஒரு நாளில் சில முறையே கடக்கிறது. அது காட்டும் புள்ளியும் 375 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டமே. இடைப்பட்ட நேரத்தில் தீ எங்கும் போய்விடாமல் நிறுத்துவது, சருகையும் புல்லையும் அகற்றி மண் தெரியப் பெருக்கிய கோடுதான். தையில் ஒருமுறை பெருக்கிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. மாசியில் மீண்டும் இலை உதிர்ந்து கோட்டை மூடிவிடும் என்பதால், இரண்டாம் முறையும் பெருக்கவேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது அந்த இரண்டாம் முறைதான்.