டிவிஆரையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்? வீட்டுக் கேமரா: கேள்வி பதில்

கேமராவைத் தாங்களே வாங்கி, தாங்களே மாட்ட நினைப்பவர்களின் கேள்விகள் இவை. இதில் வரும் டிவிஆர், என்விஆர் இரண்டும் கேமராப் படத்தைப் பதிவு செய்து வைக்கும் பெட்டிகள். “எந்த கம்பெனி நல்லது?” என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்லவில்லை. கேட்டில் நிற்கிறவர் முகம் தெரிகிறதா, பதிவு எங்கே போய்ச் சேருகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், தேர்ந்தெடுக்க மிஞ்சுவது இரண்டு மூன்று மாடல்கள்தான்.

மடிப்பாக்கம், தனி வீடு: சார், பக்கத்து வீட்டில் 2 மெகாபிக்சல் போட்டிருக்கிறார்கள், ஒரு முகமும் தெரியவில்லை. கடையில் 8 மெகாபிக்சல் வாங்கச் சொல்கிறார்கள். அது போட்டால் தெரியுமா?

மெகாபிக்சலுக்கு முன்னால் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். கடையில் கேட்காமல் வாங்கினால் கையில் வருவது பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ். அது ஏறக்குறைய 100 டிகிரி அகலம் பார்க்கும். 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் இருக்கும் இடத்தில் அதன் பார்வை 12 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி (பிக்சல்). வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 160 புள்ளி. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட மீட்டருக்கு 250 புள்ளியும், ஏற்கெனவே தெரிந்த ஆளை “இவர்தான்” என்று சொல்ல 125 புள்ளியும் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிர்ணயக் கணக்கு. அதாவது பக்கத்து வீட்டுக் கேமராவில் பால்காரரைத் தெரியும், திருடனைத் தெரியாது.

அதே 2 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் 5 மீட்டரில் அகலம் 4.7 மீட்டராகச் சுருங்கி, மீட்டருக்கு 400 புள்ளி கிடைக்கும். செலவு ஒன்றும் கூடவில்லை, பார்க்கும் அகலம்தான் குறைந்தது. 8 மெகாபிக்சல் பகலில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விலை குறைந்த கேமராவில் சின்ன சென்சாருக்குள் அத்தனை புள்ளியைத் திணித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைவு, அதனால் இரவில் நடக்கும் ஆள் இழுபட்டுத் தெரிவார்.

உங்கள் வீட்டுக்கு, மொத்த வாசலையும் பார்க்க 2.8 ஒன்று, கேட்டை மட்டும் குறிவைத்து 4 அல்லது 6 மி.மீ. ஒன்று. கேட்டுக் கேமராவை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் மாட்டாதீர்கள், தலைமுடிதான் பதிவாகும். இரண்டு, இரண்டரை மீட்டர் உயரம் சரி.

திருச்சி, கட்டிக்கொண்டிருக்கும் வீடு: டிவிஆரா, என்விஆரா? எலக்ட்ரீஷியன் 3+1 வயர் இழுத்துவிடலாம் என்கிறார்.

பூச்சு வேலை முடியவில்லையென்றால் அவரை நிறுத்துங்கள். 3+1 என்பது டிவிஆருக்கான கோஆக்சியல் வயர். புது வீட்டுக்கு என்விஆர்தான். ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் தனித்தனிப் பைப்பில் அதற்கான நெட்வொர்க் வயரான கேட்6 இழுங்கள். ஒரே வயரில் படமும் போகும், பிஓஇ முறையில் கரண்டும் வரும். கேமரா பக்கத்தில் பிளக் பாயிண்ட் வேண்டாம். 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு அது தாராளம். சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் தரும், வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை அதில் பாதிகூடத் தின்னாது.

ஏமாற்று நடப்பது வயரில்தான். பாதி விலைக்கு வரும் கேட்6 பல நேரம் செம்பு அல்ல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். தூரம் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் நேரம் பார்த்துக் கேமரா அணைந்து அணைந்து எரியும். குறை கேமராவில் என்று நினைத்து மூன்று கேமரா மாற்றுபவர்கள் உண்டு.

ஏற்கெனவே 3+1 ஓடியிருக்கும் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சுவரை உடைக்க வேண்டாம். அதே வயரில் 5 மெகாபிக்சல் வரை ஓடும் டிவிஆர்கள் கிடைக்கின்றன.

வேளச்சேரி, வாடகை ஃபிளாட்: ஓனர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார் அண்ணா. வைஃபை கேமரா போதுமா?

வாசலுக்கு ஒன்று, பால்கனிக்கு ஒன்று என்றால் போதும். வாங்கும் முன் கேமரா வைக்கப்போகும் இடத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனை வைத்து வைஃபை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடும், ஃபிளாட்டில் அந்த அலைவரிசையில் நெரிசல் அதிகம். மெமரி கார்டு “ஹை என்டியூரன்ஸ்” வகையாக இருக்கட்டும். இடைவிடாமல் எழுதி அழிப்பதைச் சாதாரண கார்டு நெடுநாள் தாங்காது, செத்துப்போனதையும் சொல்லாது.

சேலம்: நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட்டிஸ்க் எத்தனை நாள் வரும்?

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86 ஜிபி. 1 டிபியில் 11 நாள், 2 டிபியில் 23 நாள். எச்.265 என்ற படச் சுருக்க முறை இருக்கும் கேமராவில் 4 மெகாபிக்சலுக்கு இந்த 2 மெகாபிட் ஓரளவு போதும், பழைய எச்.264 என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்புகிற குடும்பம் 2 டிபி வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போடாமல், கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்காக வாங்குங்கள்.

காரைக்குடி வீடு, இருப்பது சிங்கப்பூரில்: அப்பா அம்மா எங்களோடு வந்துவிட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. திருடர்கள் டிவிஆரையும் எடுத்துச் சென்றதாக அடிக்கடி செய்தி வருகிறதே?

பூட்டிய வீட்டுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டிவியின் கீழே, ஹாலில், நீல விளக்கு மினுக்கிக்கொண்டு டிவிஆர் இருக்கிறது. நகையை எடுத்தவன் போகிற போக்கில் அதையும் பிடுங்கிக்கொள்கிறான். கேமராவுக்குச் செலவழித்த பணம் அத்தனையும் அந்தப் பெட்டியோடு போகிறது.

பெட்டி பரண்மேல் போகட்டும். காற்றோட்டமுள்ள இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிச் சுவரில் போல்ட் போடுங்கள், காற்று இல்லாத இடத்தில் கோடையில் டிஸ்க் வெந்துபோகும். ஹாலில் பழுதான டிவிஆர் ஒன்று சும்மா இருக்கட்டும், அது எடுத்துப் போவதற்கு. கேட்டுக் கேமராவில் மட்டும் தனியாக மெமரி கார்டு போட்டால் இரண்டாவது பிரதி. மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். நான்கு கேமராவையும் 24 மணி நேரம் இணையத்தில் ஏற்ற நினைக்காதீர்கள். மேலே சொன்ன கணக்கில் மாதம் 2.6 டிபி ஆகிறது. ஆள் தெரியும் துண்டுகள் மட்டும் கிளவுடுக்குப் போனால் போதும், அதற்குச் சின்ன இணைப்பே தாங்கும்.

அடுத்தது கரண்ட். கேமரா இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் ஓடாது. அல்லது நேர்மாறாக இருக்கும். என்விஆர், பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி எல்லாமே ஒரே இன்வெர்ட்டர் லைனில் வர வேண்டும். நான்கு கேமராவோடு சேர்த்தாலும் ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுதான். பூட்டிப் போகும்போது மெயினை அணைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, பார்த்துக்கொள்கிறவரிடம் அந்த ஒரு லைனைத் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கேமரா “ஆஃப்லைன்” என்று போனில் வந்தால் அதையும் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரைக் கூப்பிடுவது, அவரிடம் சாவி இருக்கிறதா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வேறு நாட்டில் இருந்துகொண்டு திருடனை நேரலையில் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவிட, அதாவது இணையத்திலிருந்து யாரும் டிவிஆரை நேரே தொடும்படி வழிவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துக்கொண்டது. அது செய்ததெல்லாம், கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகளில் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் முடங்கியதற்கு அப்படிப் பிடிபட்ட கருவிகளின் படையும் காரணம்.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு: மோட்டார் ரூமில் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறார்கள். சோலார் 4ஜி கேமரா வேலைக்கு ஆகுமா?

ஆகும், ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்குங்க. பேட்டரி கேமராக்களில் பெரும்பாலானவை எப்போதும் பதிவு செய்வதில்லை. உடல் சூட்டை உணர்ந்து கண்விழிக்கும், அதற்கு ஓரிரு விநாடி ஆகும். வேகமாகக் குறுக்கே ஓடுகிறவன் முதுகுதான் கிடைக்கும். ஆகவே வழியைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி இல்லாமல், ஆள் நின்று வேலை செய்கிற இடத்தை, கேபிள் பெட்டியை நோக்கி வையுங்க. பேனல்மேல் தென்னை நிழல் விழக் கூடாது, தோப்புக்குள் இதுதான் கஷ்டம். சிம் வாங்கும் முன் அந்த இடத்திலேயே நின்று போனில் ஒரு வீடியோ அனுப்பிப் பாருங்க. மோட்டாருக்கு வரும் கரண்ட் முறை வைத்து வந்தாலும் ஒரு சின்ன பேட்டரி சார்ஜ் ஏறப் போதுமென்றால், எப்போதும் பதிவு செய்யும் சாதாரண 4ஜி கேமராவே மேல்.

நாகர்கோவில்: ராத்திரி முழுக்க போனில் மணி அடிக்கிறது. பார்த்தால் பல்லி.

அகச்சிவப்பு விளக்கு லென்ஸைச் சுற்றியே இருப்பதால் பூச்சி அங்கே வருகிறது, பூச்சிக்காகப் பல்லி வருகிறது, சிலந்தி வலையும் கட்டுகிறது. வலை ஒளியைத் திருப்பி அடித்துப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தனியாக ஒரு அகச்சிவப்பு விளக்கோ சாதாரண எல்இடி பல்போ போடுங்கள், கூட்டம் அங்கே போய்விடும். செட்டிங்கில் வெறும் அசைவு அறிதலை விட்டுவிட்டு, மனிதரை மட்டும் அறியும் வசதி இருந்தால் அதை வையுங்கள். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பு கட்டாயம்.

அம்பத்தூர்: சீனக் கேமராவெல்லாம் தடை என்கிறார்களே, உண்மையா?

நாட்டின் பெயரைச் சொல்லித் தடை இல்லை. விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் எஸ்டிக்யூசி பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வாங்கும்போது அந்த மாடல் எண்ணுக்குச் சான்று உண்டா என்று கேளுங்கள். கம்பெனிக்கு உண்டு என்பது பதில் ஆகாது. கூடவே “ஆன்விஃப்” இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் நாளை வேறு கம்பெனி என்விஆரோடும் அந்தக் கேமரா பேசும்.

மதுரை, கூட்டுக் குடும்பம்: அண்ணன் ஹாலிலும் மாடிப்படியிலும் கேமரா வைக்கிறார். எங்களுக்குப் பிடிக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களுக்கு இடையே வந்த வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராவை இயக்கக் கூடாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்லி, கேமராக்களை வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் “பிரைவசி மாஸ்க்” போட்டு அந்த இடத்தைக் கறுப்பாக்கலாம்.

தஞ்சாவூர்: திருட்டு நடந்துவிட்டால், போனில் இருக்கும் வீடியோவைக் கொடுத்தால் போலீஸ் ஏற்றுக்கொள்ளுமா?

தேடுவதற்கு உதவும். கோர்ட்டுக்கு அது போதாது. 2024 ஜூலை 1 முதல் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) குறிக்கப்பட வேண்டும். முதல் வேலையாக, டிஸ்க் நிரம்பி அந்த நாள் அழிவதற்குள் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். டிவிஆரிலிருந்து நேராக எடுக்க வேண்டும், டிவி திரையைப் போனில் படம் பிடிக்கக் கூடாது. அதற்கு அட்மின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அது மாட்டிவிட்டுப் போனவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கடிகாரத்தையும் இன்றே பாருங்கள். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்படி செட் செய்யாத டிவிஆர் மெல்ல மெல்லப் பிந்தும் அல்லது முந்தும். பதிவில் நேரம் தவறாக இருந்தால் குறுக்கு விசாரணையில் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

ராமநாதபுரம்: கடல் காற்று, இடி, இரண்டும் இருக்கிற இடம். எது போகும் முதலில்?

வயர் நுனிகள். கேமரா உடம்பு ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டிருந்தாலும் பின்னால் தொங்கும் கனெக்டருக்கு அது பொருந்தாது. ஜங்ஷன் பாக்ஸுக்குள் தள்ளி, வயரைக் கீழே வளைத்து மேலே ஏற்றுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். தோட்டத்துக்கோ தனியாக நிற்கும் கொட்டகைக்கோ வெட்டவெளியில் செம்பு வயர் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வயர் வழியாக என்விஆர் வரைக்கும் போகும். அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் ஃபைபரோ வைஃபையோ வையுங்கள்.