1000 கஜ எஃப்-கிளாஸ் (படுத்து, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியே தொலைதூர டார்கெட்டைச் சுடும்) போட்டிக்கு .308 ரைஃபிளில் என்ன ஸ்கோப் மாட்டலாம்? 60 பவர் (60 மடங்கு உருப்பெருக்கம்) வேண்டுமா?

60 பவர் கட்டாயமில்லை. முதலில் டரட் (குறியை ஏற்றி இறக்கும் குமிழ்) எவ்வளவு ஏறும் என்று பாருங்கள்.

175 கிரெயின் தோட்டா வினாடிக்கு 2600 அடி வேகத்தில் போனால், 100 கஜ ஜீரோவிலிருந்து (100 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும் அமைப்பிலிருந்து) 1000 கஜத்துக்கு ஏறக்குறைய 38 எம்.ஓ.ஏ. (கோண அளவு; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஏற்ற வேண்டும். எஃப்-கிளாஸ் போன்ற போட்டிகளுக்காக வந்த நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15-55x52-ல் மேலிருந்து கீழ்வரை மொத்தமே 55 எம்.ஓ.ஏ. தான். தட்டை ரெயிலில் (ரைஃபிள் மேல் ஸ்கோப்பைப் பொருத்தும் பட்டையில்) மாட்டினால் ஜீரோவுக்கு மேலே 25 கூடத் தேறாது. 20 எம்.ஓ.ஏ. சரிவு ரெயில் போட்டால் 40-ஐத் தாண்டும். ஆசைப்பட்டு 30 சரிவு போட்டால் 100 கஜ ஜீரோ டரட்டின் கீழ் எல்லையில் போய் முட்டும். சில ரைஃபிள்களில் எட்டவே எட்டாது.

அடுத்தது கிளிக், அதாவது டரட் நகரும் ஒவ்வொரு படி. 1000 கஜ டார்கெட்டில் பத்து வளையம் 10 அங்குலம், அதற்குள் எக்ஸ் 5 அங்குலம். 1/8 எம்.ஓ.ஏ. கிளிக் அங்கே 1.3 அங்குலம் நகர்த்தும். 1/4 என்றால் 2.6; 0.1 மில் (இன்னொரு கோண அளவு) என்றால் 3.6. எக்ஸுக்கு 3.6 முரடு. 1/8 வாங்குங்கள். தூரம் முன்பே தெரிந்த போட்டி என்பதால் இரண்டாம் ஃபோகல் பிளேன் போதும்: பவர் ஏற்றினாலும் குறுக்குக் கம்பி தடிக்காது. தூரம் மாறிக்கொண்டே இருக்கும் பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) போட்டி என்றால், பவரோடு சேர்ந்து கம்பியும் பெரிதாகும் முதல் ஃபோகல் பிளேன், மில் கிளிக். அது வேறு கதை.

குண்டு துளையைப் பார்க்க பவர் தேவையில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் டார்கெட்டை இறக்கி, பட்ட இடத்தில் வட்டத்தகடு சொருகிக் காட்டுகிறார்கள். வெயில் ஏறினால் கானலில் 50 பவரில் பார்க்கும் படம் கொதிப்பதுபோல் அலையும். 25-30-க்கு இறக்கித்தான் சுட வேண்டியிருக்கும். அந்தப் பவரிலும் வளையம் தெளிவாகத் தெரியும் கண்ணாடியா என்பதே கேள்வி.

வாங்கியதும் டரட்டைச் சோதியுங்கள். 100 கஜத்தில் உயரமான தாள், தூக்குநூல் பிடித்து நேர்கோடு, கீழே குறிவைக்கும் புள்ளியிலிருந்து 31.4 அங்குலம் மேலே ஒரு குறி. 30 எம்.ஓ.ஏ. ஏற்றி, கீழுள்ள அதே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டால் குண்டுகள் அந்தக் குறியில் விழ வேண்டும். 2 சதவீதம் பிசகினால் 1000 கஜத்தில் 8 அங்குலம். குண்டுகள் கோட்டை விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் ஸ்கோப் ரிங்கில் (அதைப் பிடிக்கும் வளையத்தில்) திரும்பியிருக்கிறது, அல்லது நீங்கள் ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். 1 டிகிரி சாய்வே 1000 கஜத்தில் ஏறக்குறைய 7 அங்குலம் பக்கவாட்டில் இழுக்கும். ஒரு சின்ன நீர்மட்டம் மாட்டிவிடுங்கள்.

பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் கம்பி டார்கெட்டில் நகர்வதுபோல் தெரியும் பிழை) திருத்தும் குமிழில் அச்சடித்த தூரத்தை நம்பாதீர்கள். தலையை லேசாக ஆட்டிப் பாருங்கள், கம்பி டார்கெட்டில் நகராத இடமே சரி.

ரிங் ஸ்க்ரூவைப் பலத்தைக் காட்டி முறுக்க வேண்டாம். பொதுவாக 2 நியூட்டன் மீட்டருக்குள் போதும். மீறினால் குழாய் நசுங்கி ஜூம் வளையம் இறுகும். எஃப்-கிளாஸில் எஃப்.டி.ஆர். (.308, .223 ரைஃபிள்களுக்கான) பிரிவு என்றால் பைபாட் (இருகால் தாங்கி), ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோதான் வரம்பு, கனமான ஸ்கோப்புக்குப் பணம் கட்டுமுன் ரைஃபிளைத் தராசில் வைத்துவிடுங்கள்.