பழைய சாரனும் பிள்ளையின் ஊசியும்: பை செய்வது பற்றிக் கேள்வி பதில்

மனைப் பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு, வீட்டில் கழிந்த பொருட்களைக் கொண்டு பை தைக்கிறோம். உரப்பை மட்டும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். 2025 நவம்பர் 1 முதல் கடையில் பொலித்தீன் பைக்குக் காசு என்று ஆனபிறகு கேள்விகள் கூடிவிட்டன. வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு உம்மா: மகளுக்கு ஒன்பது வயது. வாப்பாவின் பழைய சாரன்கள் நாலைந்து கிடக்கின்றன. மெஷின் இல்லாமல் கடைக்குக் கொண்டுபோகும் பை தைக்கலாமா டீச்சர்?

தாராளமாக. முதலில் சாரனை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் இழை தேய்ந்து வலை மாதிரித் தெரியும். அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். மேல் ஓரமும் கீழ் ஓரமும் பெரும்பாலும் நல்ல உறுதியாக இருக்கும், அங்கேயிருந்து வெட்டுங்கள்.

42 செ.மீ. அகலம், 98 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு. குறுக்கே இரண்டாக மடித்தால் மடிப்பு அடியில் வரும், அடியில் தையலே தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் பின்தையலால் மூடச் சொல்லுங்கள். ஓட்டுத் தையல் வேண்டாம், ஒரு இடத்தில் நூல் அறுந்தால் முழுவதும் கழன்று வரும். பின்தையலில் ஊசி ஒவ்வொரு முறையும் பின்னால் போய் முன்னால் வருவதால் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

அடி மூலைகளை முக்கோணமாகக் கிள்ளிப் பிடித்து, நுனியிலிருந்து 4 செ.மீ. உள்ளே குறுக்கே ஒரு தையல் போட்டால் பைக்கு 8 செ.மீ. அகலத்தில் அடி வரும். தேங்காய் வைத்தாலும் சாயாது.

கைப்பிடிதான் முக்கியம். 10 செ.மீ. அகலத் துண்டின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒருதரம் மடித்தால் நாலு மடிப்பில் 2.5 செ.மீ. பட்டி. அதன் நுனியைப் பையின் வாயில் ஒட்டினாற்போல் தைக்காதீர்கள். 5 செ.மீ. கீழே இறக்கி, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போல இரண்டு கோடு. முடிந்ததும் 2 கிலோ அரிசியைப் போட்டுக் கதவுக் கைப்பிடியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். எங்கள் விறாந்தையில் இந்தச் சோதனை தாண்டாத பைக்குப் பூவும் மணியும் கிடையாது. பை என்றால் சுமை தாங்க வேண்டும். அலங்காரம் அப்புறம்.

களுவாஞ்சிகுடி: ஐந்து வயதுப் பேரனுக்கு ஊசி கொடுக்கலாமா?

வேண்டாம். பழைய டீசேர்ட் எடுத்து கழுத்தையும் கையையும் நீங்கள் வெட்டிக் கொடுங்கள், கையிருந்த இடம் கைப்பிடியாகிவிடும். அடிப்பக்கத்தை 2.5 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளக் கீற்றுகளாக வெட்டி முன்னும் பின்னும் சேர்த்து முடிச்சுப் போடலாம். முடிச்சுகளுக்கு நடுவே ஓட்டை விழும். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வாலைப் பக்கத்து முடிச்சின் வாலோடு கட்டினால் மூடிக்கொள்ளும். முதல் முடிச்சை நீங்கள் போட, அவர் இழுத்து இறுக்கட்டும்.

வாழைச்சேனை: பத்திரிகைக் கடதாசியில் பை செய்தோம், அடி பிய்ந்து விழுகிறது.

வைக்கோலில் கடதாசி செய்த ஆலை இருந்த ஊர்க்காரருக்கு நான் கடதாசி பற்றிச் சொல்வதா! பத்திரிகைத் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். நார் ஒரே திசையில் கிடப்பதுதான் காரணம். ஆகவே இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது ஒன்றை நெடுக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் வையுங்கள். அடியில் ஒரு அட்டைத் துண்டு. பசைக்கு ஒரு பங்கு கோதுமை மா, நாலு பங்கு தண்ணீர், கிளறிக் காய்ச்சினால் போதும். பூச்சி வராமலிருக்கச் சிலர் துரிசு போடுவார்கள். பிள்ளைகள் தொடும் பசையில் அது கூடவே கூடாது, நஞ்சு. மாரியில் இந்தப் பைகள் பூஞ்சணம் பிடிக்கும், கோடையில் செய்யுங்கள். வடை, பழம் எதையும் மை அச்சடித்த கடதாசிப் பையில் நேரே போட வேண்டாம்.

அக்கரைப்பற்று: பொலித்தீன் பைகளை அடுக்கி அயன் பண்ணினால் கெட்டித் துணி மாதிரி வருமாமே?

வரும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். எது என்ன பிளாஸ்டிக் என்று வீட்டில் நமக்குத் தெரியாது, சூடு சற்றுக் கூடினால் வரும் புகை பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். கீற்றாக வெட்டிப் பின்னுங்கள்.

திருக்கோவில்: விசிறி போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து அயன் பண்ணினால்?

மேலே சொன்னதுதான். வேண்டாம்.

சம்மாந்துறை: நான் வயல்காரன். நாங்கள் உரப்பையில் பை தைத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனோம். நீங்கள் மட்டும் ஏன் உரப்பை ஆகாது என்கிறீர்கள்?

தம்பி, அந்தப் பையைச் சுமந்து படித்த பிள்ளைகளுக்கு நானும் படிப்பித்திருக்கிறேன், அதைக் குறைவாகச் சொல்லவில்லை. யூரியா தண்ணீரில் கரையும், நாலுதரம் அலசினால் போய்விடும், அது சரி. ஆனால் உரப்பை எங்கே கிடக்கிறது? வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல் வைக்கும் அதே கொட்டிலில். எது சிந்தியது, எதைச் சுற்றி வைத்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளை பையின் வாரைக் கடிக்கும், அதற்குள்ளேயே பணிஸ் வைக்கும்.

அதே வயல்காரர்: சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினாலுமா?

கழுவினாலும் இன்னொரு குறை உண்டு. அந்தப் பை பொலிப்ரொப்பிலீன் நாடாவில் நெய்தது. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நாடா உளுத்துப்போகும். கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூளாக உதிரும். வேலியில் தொங்கிய உரப்பையை எடுத்துத் தைத்தால் அந்தத் தூள் பிள்ளையின் சோற்றுப் பெட்டியில்தான் விழும்.

அக்கரைப்பற்று, இடையில் ஒருவர்: வயல்காரர் சொல்வதுதான் சரி. வசதியில்லாத வீட்டில் வேறு எதில் தைப்பது?

அரிசிப் பை இருக்கிறதே. 10 கிலோ, 25 கிலோ அரிசி வந்த பை, அதே நெசவு, அதே உறுதி, உள்ளே இருந்தது சாப்பாடு. வெயிலில் போடாமல் வீட்டுக்குள் வைத்திருந்ததாக எடுங்கள். வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரியும், இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். மெழுகுதிரியில் ஓரத்தைச் சுடும் வேலை பெரியவர்களுடையது, அதுவும் வெளியில். வயல்காரத் தம்பி, உங்கள் வீட்டு நெல்லைக் குத்தி வரும் பைகளே போதும். உரப்பை வயலுக்கு உதவட்டும், பிள்ளையின் தோளுக்கு வேண்டாம். இதில் நான் மாறமாட்டேன்.

மூன்று பேர்: செய்த பைகளை எங்கே விற்கலாம்? என்ன விலை?

உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வியாபாரம் எனக்குத் தெரியாது.

ஆரையம்பதி: பனையோலையில் உமல் பை, கொட்டப்பெட்டி இழைக்கச் சொல்லித் தருவீர்களா?

ஓலை இழைப்பது என் கைக்கு வராது. ஊரில் இழைக்கும் ஆச்சிமார் இருந்தால் பிள்ளைகளை அவர்களிடம் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

மருதமுனை: பால்மா பக்கெட் உறையில் பென்சில் பை தைத்தோம், தையல் வழியே கிழிந்துவிட்டது.

துணியில் ஊசி போனால் இழை விலகி வழிவிடும். பக்கெட் உறையில் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். நெருக்கித் தைத்தால் தபால் முத்திரைத் தாளில் போட்ட துளை மாதிரி வரிசையாகக் கிழியும். 4, 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், குண்டூசிக்குப் பதிலாகத் துணி காயப்போடும் கிளிப் போடுங்கள். உள்ளே ஒரு துணி வைத்துத் தைத்தால் பாரத்தைத் துணி தாங்கும். உங்கள் ஊரில் கைத்தறித் துண்டுக்கு என்ன பஞ்சம்? வாயை மூடும் சிப்பைப் (zip) பழைய களிசானில் கழற்றி எடுங்கள், மெழுகுதிரி தேய்த்தால் வழுக்கும்.

அம்பாறை: வெட்டி மிஞ்சும் பொலித்தீன் துண்டுகளை குப்பையில் போடலாமா?

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று செத்த யானைகளை உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி எட்டு வருடங்களில் ஏறக்குறைய இருபது யானைகள். சாப்பாட்டு வாசம் ஒட்டிய துண்டைத்தான் அது முதலில் தேடும். கழுவிக் காயவைத்து ஒரு போத்தலுக்குள் அடையுங்கள், அடுத்த பைக்குள் மெத்தை போல வைக்க உதவும்.

மறுபடியும் காத்தான்குடி உம்மா: பை முடிந்தது டீச்சர். இரவு அரிசி போட்டுத் தொங்கவிட்டோம், காலையில் ஒரு பக்கப் பட்டி துணியோடு கிழிந்திருந்தது. மகள் அழுகிறாள்.

தையல் விடவில்லை, துணிதான் கிழிந்தது. அப்படியென்றால் அவள் தைத்தது நல்ல தையல், அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு உட்புறம் சாரனின் கரைப்பகுதியில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று வைத்து, அதையும் சேர்த்துச் சதுரம் தைக்கட்டும். மற்றப் பட்டிகளின் கீழும் அப்படியே. இன்றிரவு மறுபடி தொங்கவிட்டு, நாளைக்கு எழுதுங்கள்.