கதவில் ஒட்டிய தாள் ஏன் தொய்கிறது?

கேள்வி: கொரியாவின் ஹனோக் எனும் மரபு வீடுகளைப் போல அமைக்கும் உணவகங்களில், மரக்கதவில் ஒட்டிய தாள் சீக்கிரமே தொய்ந்து கிழிவது ஏன்?

பதில்: பெரும்பாலும் ஒட்டும் முறையில்தான் பிழை. மல்பெரி இனத்து மரப்பட்டையில் செய்த ஹன்ஜி தாளைச் சட்டத்தின் உட்புறம் ஒட்டுவது கொரிய வழக்கம். முதலில் பழைய பசையைச் சுரண்டிச் சட்டத்தைக் காயவிடுங்கள். கோதுமை மாவுப் பசையை நீர்க்கக் காய்ச்சி, கட்டைகளில் மட்டும் தடவுங்கள். ஒட்டு காய்ந்தபின் தாள் முழுக்கத் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து நிழலில் உலர்த்தினால், சுருங்கி விறைப்பாகும். முதலிலேயே இழுத்து ஒட்டியிருந்தால் இப்போது கிழியும். வெயிலில் வைத்தால் ஓரம் பிரியும்.

இறைச்சி சுடும் மேசை அருகே மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப்புகை படிந்த தாளைக் கழுவ முடியாது. தனியறைத் தடுப்புக்கு வையுங்கள். பின்னால் 2700 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) விளக்கிட்டால் நாரிழைகள் அத்தனை அழகாகத் தெரியும்.