பரணில் கிடக்கும் சி.எஃப்.எல். பல்புகள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் சி.எஃப்.எல். பல்புகள் (சுருண்ட கண்ணாடிக் குழாய் கொண்டவை) சில பிரிக்கப்படாமலே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா, எல்.இ.டி.க்கு மாறிவிடுவதே நல்லதா?
- வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இது சுமார் 14 வாட்டிலேயே தந்துவிடும் என்பதால்தான், 2009இல் மத்திய அரசு 'பச்சத் லேம்ப் யோஜனா' என்ற திட்டத்தின் மூலம் குண்டு பல்பின் விலைக்கே இதை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க முனைந்தது. மணிக்கணக்கில் எரியும் கூடத்துக்கும் படிக்கும் மேசைக்கும் இது பொருத்தமானது. குளியலறைக்கு வேண்டாம்; அடிக்கடி போட்டு அணைத்தால் குழாயின் முனைகளில் உள்ள மின்முனைகள் தேய்ந்து, அடிப்பக்கம் கறுத்து, பல்பு சீக்கிரமே செயலிழந்துவிடும். முழு வெளிச்சம் வரச் சற்று நேரமாகும் என்பதும் ஒரு குறைதான், பெரிய குறையன்று.

உண்மையான சிக்கல், உள்ளே சில மில்லிகிராம் அளவில் இருக்கும் பாதரசம். ஆகவே மாட்டும்போதும் கழற்றும்போதும் கண்ணாடிச் சுருளைப் பிடிக்காமல் பிளாஸ்டிக் அடிப்பகுதியைப் பிடித்துத் திருப்புங்கள். தவறி உடைந்தால், மின்விசிறியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே இருந்தபின், துடைப்பத்தைத் தொடாமல், கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, எஞ்சிய பொடியை ஈரத்தாளால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் எல்.இ.டி.யே சிறந்தது: அதே வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 9 வாட் போதும்; பாதரசமும் கிடையாது.