அந்தக் கூண்டுப் பாவாடையை மகள் தைக்கட்டும்

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். கல்லூரி விழா நாடகத்துக்காக விக்டோரியா காலத்து கவுன் ஒன்றைத் தானே தைக்கப்போகிறாளாம். குடை விரித்த மாதிரி வளையம் வைத்த பாவாடை, இடுப்பை இறுக்கும் கார்செட், எல்லாமே வேண்டுமாம். நான் 20 வருடமாகத் தையல் தொழிலில் இருப்பவள். "பெண்களை வீட்டில் பொம்மையாக உட்காரவைத்த உடை அது. அதைப் போய் ஆசையாகத் தைப்பாயா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தப்பா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி,

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும், கோபத்தில் சொல்ல வராமல் போயிருக்கும். நீங்கள் தையல் தெரிந்தவர் என்பதால் துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வளையப் பாவாடைக்கு கிரினோலின் என்று பெயர். எஃகு வளையங்களை நாடாக்களில் தொங்கவிட்ட கூண்டுக்கு 1856-ல்தான் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன்னால் பாவாடை விரிந்து நிற்க என்ன செய்தார்கள் தெரியுமா? உள்பாவாடை மேல் உள்பாவாடையாக ஐந்தாறு கட்டினார்கள். ஒன்று கஞ்சி போட்டு விறைத்திருக்கும், இன்னொன்று குதிரைமுடி கலந்து நெய்ததாக இருக்கும். அத்தனையும் இடுப்பில் தொங்கும், நடந்தால் காலைச் சுற்றும். எஃகுக் கூண்டு வந்ததும் அந்தச் சுமை இறங்கிவிட்டது. உள்ளே கால்கள் தாராளமாக நடந்தன. உட்காரும்போது வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டன. நம் கண்ணுக்குச் சிறையாகத் தெரியும் அந்தக் கூண்டு வந்தபோது, பல பெண்கள் 'அப்பாடா' என்றுதான் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கார்செட் விஷயத்தில் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. விலா எலும்பை எடுத்துவிட்டு இறுக்கினார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் இறுக்கிக் கட்டுவது சரியா தப்பா என்ற சண்டை அன்றைக்கே நடந்தது. சாமுவேல் பீட்டன் 1852-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பெண்கள் மாத இதழில், 1860-களின் கடைசியில், கார்செட் பற்றி வாசகர் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், 'பொம்மையாக உட்காரவைத்த' என்கிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். வசதியான வீட்டுப் பெண்கள் கம்பளி நூலில் பூவேலை செய்தார்கள், பியானோ வாசித்தார்கள். அது உண்மைதான். ஆனால் கடற்கரையில் கடற்பாசி சேகரிப்பதும் அவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. ஆனா அட்கின்ஸ் என்ற பெண் 1843-லேயே பாசிகளை நீல நிற ஒளிப்படங்களாகப் பதிந்து புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். மார்கரெட் காட்டி ஒரு பாதிரியாரின் மனைவி. 1863-ல் கடற்பாசிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பாறைகளுக்குப் போகும் பெண்களுக்கு உடை யோசனையும் சொல்கிறார்: கனமான பூட்ஸ் போடுங்கள், பாவாடை கணுக்காலுக்குக் கீழே இறங்க வேண்டாம். பொழுதுபோக்குதான் அந்தப் பாவாடையை முதலில் உயர்த்தியது என்று நினைக்கிறேன். 1887-ல் லாட்டி டாட் என்ற பெண் விம்பிள்டன் டென்னிஸில் ஜெயித்தபோது அவளுக்கு 15 வயது. சிறுமி என்பதால் குட்டைப் பாவாடை அணிய முடிந்தது. எதிரே ஆடிய பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சைக்கிள் வந்ததும் சண்டை தெருவுக்கே வந்துவிட்டது. 1898-ல், பெண்களின் உடையை மாற்றப் போராடிய லேடி ஹார்பர்டன், முழங்காலுக்குக் கீழே இறுகும் தொளதொள கால்சட்டையோடு சைக்கிளில் போய், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு விடுதியில் இறங்கினார். அந்த உடையில் காபி அறைக்குள் விட மாட்டோம் என்றார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது, தோற்றது. நான் படித்த கல்லூரியிலும் சுடிதாருக்கு அனுமதி இல்லை. அதனால் அந்த அம்மாளின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

நீங்களும் மகளும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது: இதையெல்லாம் செய்து கொடுத்தவர்கள். 1861-ல் லண்டனில் மாடில்டா ஷூரர் என்ற பெண் இறந்தாள். வயது 19, உங்கள் மகள் வயதுதான். சீமாட்டிகள் தலையில் வைக்கும் செயற்கைப் பூக்களின் இலைகளுக்குப் பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. அந்தப் பச்சையில் ஆர்சனிக் இருந்தது. நாள் முழுக்க அதைச் சுவாசித்தாள், சாப்பிடும்போது கையில் ஒட்டியதையும் விழுங்கினாள். கடைசியில் கண்ணின் வெள்ளை பச்சையாகிவிட்டது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்றாளாம். இரண்டு வருடம் கழித்து, 1863-ல், மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல்காரி, விருந்துக்கான உடைகளை 26 மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் தைத்து இறந்துபோனாள். நீங்களும் தீபாவளி சீசனில் விடிய விடியத் தைத்திருப்பீர்கள். மகளுக்கு இந்த இரண்டு பேரின் கதையை நீங்கள் சொன்னால், நான் சொல்வதைவிட நன்றாகக் கேட்பாள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்று ராத்திரியே போய், "அளவெடுக்க வா" என்று கூப்பிடுங்கள். மன்னிப்பு அதிலேயே இருக்கிறது. வளையத்துக்கு எஃகு வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும். கார்செட்டை மேலாடை மாதிரி கொக்கி வைத்துத் தையுங்கள், மூச்சை இழுத்து விடும் அளவுக்கு இடம் விட்டு. மேடையில் குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தைக்கு வேறு உறவில் பிறந்த எமிலி, மேரி இருவரும் 1871-ல் அயர்லாந்தில் ஒரு விருந்தில் அப்படித்தான் இறந்தார்கள். ஒருத்தியின் கவுனில் தீப்பிடிக்க, காப்பாற்ற ஓடிவந்தவளின் கவுனிலும் பற்றிக்கொண்டது. அந்த விரிந்த பாவாடை, தீ எங்கே இருக்கிறது என்று போட்டிருப்பவளுக்கே தெரியவிடாது.

கழுத்துக்கு லேஸ் தேவைப்பட்டால் கடையில் வாங்குவதற்கு முன் உங்கள் மாவட்டத்திலேயே விசாரியுங்கள். கால்டுவெல்லின் மனைவி எலிசா இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அதே விக்டோரியா காலத்தில்தான். ஏதாவது பழைய வீட்டு அலமாரியில் ஒரு முழம் லேஸ் மிச்சம் இருந்தாலும் இருக்கும். அம்மாவும் மகளுமாகப் போய்க் கேட்டுப் பாருங்கள்.