கடலோர வீட்டில் ஏசி: மின் கட்டணம் ஏன் ஏறுகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர வீடுகளில் ஏசி பழுது பார்ப்பது என் தொழில். மின் கட்டணத்தைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாம்பன்: அண்ணன், மதுரையில் என் தம்பி வீட்டில் இருப்பதும் எங்கள் வீட்டில் இருப்பதும் ஒரே மாடல் ஏசி, சேர்ந்து வாங்கியது. இரண்டு வீட்டிலும் இரவில் மட்டுமே ஓடுகிறது. எங்களுக்கு மட்டும் கட்டணம் ஏறிக்கொண்டே போவது ஏன்?

உங்கள் அவுட்டோரின், அதாவது வெளியே இருக்கும் ஏசி பெட்டியின், பின்பக்கத்தைப் பாருங்கள். தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்; விரல் பட்டால் உதிரும். செம்புக் குழாய்மீது அலுமினியத் தகடுகளை அடுக்கித்தான் பெரும்பாலான காயில்களைச் செய்கிறார்கள். இரண்டு உலோகமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். அறையின் வெப்பத்தை வெளியே விடுவது அந்தத் தகடுகளே. அவை கெட்டால் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தில் கூடுதல் நேரம் ஓடும், மீட்டரும் கூடவே ஓடும். மதுரையில் படிவது தூசி. இங்கே படியும் உப்பு, காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொண்டு இரவு பகலாக அரிக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் வலுவிழந்து, 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவ்வளவு கனமான இரும்புக்கே அந்தக் கதி என்றால் தாள் கனத் தகடு எம்மாத்திரம்?

மாதம் இரண்டு முறை, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் வாரம் ஒரு முறை, அவுட்டோரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். முதலில் மெயினை அணையுங்கள். பூவாளி போதும். வண்டி கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம்; தகடு மடங்கிக் காற்று போகாது. வயர்கள் இணையும் பக்கம் தண்ணீர் படக் கூடாது. மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோர் என்றால் எட்டிப் பார்த்துக் கழுவ முயலாதீர்கள், ஆளை அழையுங்கள்.

கீழக்கரை: காக்கா, எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒரே உப்பு. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கிறது. எதை வைத்துக் கழுவுவது?

நல்ல கேள்வி, தங்கச்சி. உப்புத் தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். ஆர்.ஓ. கழிவு நீரும் கூடாது, அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். உங்கள் ஏசியே தண்ணீர் தருகிறது. அறைக்குள் இருக்கும் இன்டோரிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. அதில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். நம் புழுக்கத்தில் ஓர் இரவிலேயே சில லிட்டர் சேரும். குழாய்க்கு அடியில் வாளியை வையுங்கள். அவுட்டோரை அலச அதைவிட நல்ல தண்ணீர் நம் ஊரில் கிடைக்காது. குடிக்கவோ இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றவோ பயன்படுத்தாதீர்கள். காயிலின் அழுக்கும் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும்.

தங்கச்சிமடம்: படகு இன்ஜினில் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவுகிறோம். அவுட்டோருக்கும் தடவலாமா அண்ணே?

ஸ்டாண்டுக்கும் போல்ட்டுகளுக்கும் தாராளமாகத் தடவுங்கள். தகடுகளில் கூடவே கூடாது. மணலும் தூசியும் ஒட்டி வெப்பம் போகும் வழி அடைந்துவிடும்.

தொண்டி: ஒவ்வொரு கோடையிலும் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்புகிறார்கள். இது வழக்கம்தானா?

இல்லை. ஏசி கேஸ் ஓடி ஓடித் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நம் கரையில் பெரும்பாலும் காயிலிலோ இணைப்பு நட்டிலோ. கசிவைக் காட்டி, அடைத்து, வேக்யூம் செய்து (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பெட்டியில் எழுதியிருக்கும் எடைப்படி அளந்து நிரப்பச் சொல்லுங்கள். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் காசு வாங்குவதை என்னால் ஏற்கவே முடியாது. கேஸ் குறைந்த ஏசி குளிரைத் தராமல் மின்சாரத்தை மட்டும் தின்னும்.

ஏர்வாடி: 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?

சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும். 2020 முதல் நட்சத்திர முத்திரையுள்ள ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது நட்சத்திர முத்திரை தரும் எரிசக்தித் திறன் பணியகத்தின் (BEE) கணக்கு. 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். நம்மை வாட்டுவது பாதி வெயில் என்றால் பாதி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தை எடுக்கும் டிரை மோடு மட்டுமே போதும்.

மண்டபம்: புதிதாக வாங்கப் போகிறோம். 5 ஸ்டாருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா? அவுட்டோரை எந்தப் பக்கம் வைப்பது?

முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்றிருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு 8 மணி நேரம் வீதம் இரண்டு மாதம் ஓட்டினால் 240 யூனிட். நம் கோடையில் இன்னும் கூடும். இரண்டு மாடலுக்கும் இப்படிப் போட்டு, உங்கள் பழைய மின் கணக்கோடு கூட்டிப் பாருங்கள். இரு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் அடுத்த படியின் விலையே விழும். அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் 5 ஸ்டாரே வாங்குங்கள். தகடுகளில் அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது அதைவிட முக்கியம்.

அவுட்டோர் கடல் பார்த்த சுவரில் வேண்டாம். மண்டபத்துக்கு இரு பக்கமும் கடல் என்பதால், கச்சான் நேராக அறையாத சுவராகப் பாருங்கள். நிழல் நல்லது. ஆனால் உப்புக்குப் பயந்து நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் விட்ட வெப்பத்தையே திரும்ப இழுக்கும்.

தேவிபட்டினம்: மாடி அறை. இரவு வெகுநேரம் ஆகியும் குளிரவில்லை.

பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில் வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள், சுண்ணாம்பானாலும் சரி. ஏசி போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். போட்ட பிறகு கதவு இடுக்கைத் துணியால் அடையுங்கள். உள்ளே நுழையும் ஈரக் காற்றை உலர்த்தவும் ஏசி மின்சாரம் செலவழிக்கிறது.

ராமேஸ்வரம்: ஃபில்டர் கழுவவும் மெக்கானிக் வர வேண்டுமா?

வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீங்களே கழற்றிக் குழாயடியில் அலசுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை அடிக்கும்.